நல்ல தேத்தண்ணி போடுவோம், நேரமறிந்து குடிப்போம்



எங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்பதைத்தான். கலியாண வீடென்றாலும் செத்தவீடென்றாலும் தேநீர் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்த நாட்களிலும் மூன்று கல்லை வைத்து நாங்கள் முதலில் கொதிக்க வைத்தது தேத்தண்ணிக்கான தண்ணீரைத்தான். வீட்டில் வேறு ஒன்றும் இல்லாத நாளிலும் வந்தவருக்குக் கொடுக்க ஒரு கோப்பை தேநீர் இருந்தால் எங்களுடைய மரியாதை குறைந்து போகாது.

நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்கிற வேலை என்பதாலேயே அதைப்பற்றி நாங்கள் அதிகம் யோசிப்பதில்லை. தேயிலை, சீனி, பால்மா ஆகியவற்றின் விலை 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எப்படி ஏறியது என்பதை எல்லோரும் அனுபவித்தோம். ஆகவே, இருக்கிற தேயிலையில் நல்ல தேநீர் போடுவது எப்படி, அதனால் வீட்டுச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்பதை இம்மாதம் பார்ப்போம். அதோடு இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேநீரைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் பழக்கம் எங்கள் பெண்களிடம் இருக்கிறது. அது எங்கள் உடம்பை மெல்ல மெல்லக் கெடுக்கிறது.

எங்கள் கோப்பைக்கு வந்த வழி

இலங்கைக்குத் தேயிலைச் செடி முதலில் 1824 ஆம் ஆண்டு சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போது மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களே இருந்தன. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டிலிருந்து பரவிய இலைத்துரு நோயினால் கோப்பி அழிந்துபோக, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

அந்தக் காடுகளை வெட்டித் தோட்டங்களாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்துபோன மக்கள். வழியிலேயே நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனியும் நடந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிற எங்கள் வாசகியர் சிலருடைய அம்மம்மாக்கள் கொழுந்து பறித்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோ அளவில் இருந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். மலைச்சரிவில் கூடையைச் சுமந்துகொண்டு நின்று ஒரு பெண் பறித்ததை, நாங்கள் அளவில்லாமல் அள்ளிப் போட்டு, கசக்கக் காய்ச்சி, பாதியை ஊற்றிவிடுவது சரியில்லை.

தேயிலை வாங்கும்போது

'தூள்' என்றவுடன் அது கூட்டிப் பெருக்கிய கழிவு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட விட்டு, உருட்டி, காற்றுப்பட வைத்து, சூட்டில் உலர்த்தி, பின்னர் சல்லடையில் அளவளவாகப் பிரிப்பார்கள். பெரிய துண்டு ஒரு தரம், சிறிய துண்டு இன்னொரு தரம், மிக நுண்ணியது தூள். தூள் சீக்கிரம் சாயம் விடும். பால் தேநீருக்கு அது நல்லது. கொஞ்சம் பெரிய துண்டு உள்ளது மெதுவாக ஊறும். வெறுந்தேநீருக்கு அது மணமாக இருக்கும்.

எங்கே விளைந்தது என்பதிலும் விடயம் இருக்கிறது. 4000 அடிக்கு மேலே, நுவரெலியா போன்ற இடங்களில் விளைவது நிறம் குறைந்து மணம் கூடியதாக இருக்கும். 2000 அடிக்குக் கீழே, இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கங்களில் விளைவது கடும் நிறமும் கனத்த சுவையும் உள்ளது. நிறம் குறைவு என்பதால் தேயிலை கூடாது என்று முடிவு செய்யாதீர்கள்.

கடையில் நிறுத்துக் கட்டித் தரும் தேயிலையில் சில வேளை கழிவுத் தேயிலையும் நிறமூட்டியும் கலந்திருக்கும். ஒரு வெள்ளைக் கடதாசியை நனைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை தேயிலையைத் தூவிப் பாருங்கள். போட்டவுடனேயே சிவப்பு, மண்ணிறக் கோடுகள் ஓடினால் அதில் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நல்ல தேயிலை குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் சாயம் விடும்.

தேயிலைக்கு இன்னொரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே அறையில் சமையலும் படுக்கையுமாக இருக்கும் வீடுகளில் கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், மிளகாய்த்தூள் எல்லாம் அருகருகேதான் இருக்கும். அதனால் தேயிலையை வெறும் பால்மா ரின் ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவைத்து, அதற்குள் போட்டு இறுக்கி மூடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஈரக் கரண்டியை உள்ளே விட வேண்டாம்.

தண்ணீர்தான் முக்கியம்

ஒரு கோப்பை தேநீரில் மிகப் பெரிய பங்கு தண்ணீர். 2009 ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு கேத்தில் தண்ணீரின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரின் நிறம் மங்கி, மேலே ஆடைபோல் ஒரு படை மிதக்கும். 'தேயிலை கூடாது' என்று நாங்கள் கடைக்காரரைத் திட்டுவோம். குற்றம் தேயிலையில் இல்லை. இதற்கு வழி எளிது. முதல்நாள் இரவே தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடிவையுங்கள். விடியும்போது அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்துத் தேநீர் போடுங்கள். வெறுந்தேநீர் என்றால் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டாலும் அந்தப் படை மறைந்துவிடும். கேத்திலின் உட்பக்கத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால், தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

குழாயிலோ பவுசரிலோ வரும் தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால், வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு வையுங்கள். மணம் போய்விடும். ஆனால் சிறுநீரக நோய் அதிகமுள்ள பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால், கொதிக்க வைத்துவிட்டோம் என்று நம்பி அதில் தேநீர் போட வேண்டாம். கரைந்திருக்கும் புளோரைட் போன்றவை கொதிக்க வைப்பதால் நீங்காது. சுத்திகரித்த தண்ணீரையே பாவியுங்கள்.

போடும் முறை

நான்கு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன்.

1. நான்கு கோப்பையும் இன்னும் கொஞ்சமுமாகத் தண்ணீரை அளந்து வையுங்கள். கேத்தில் நிறையக் கொதிக்க வைத்து மிச்சத்தை ஊற்றினால் விறகோ காஸோ வீண். புகை மணம் ஏறாமல் மூடி வையுங்கள்.

2. தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்னர் கொஞ்சச் சூடு தண்ணீரை எடுத்து, தேநீர் ஊறவைக்கும் பாத்திரத்தைக் கழுவி ஊற்றுங்கள். குளிர்ந்த பாத்திரத்தில் கொதிதண்ணீர் விட்டால் உடனே சூடு இறங்கிவிடும். தேயிலை சரியாக ஊறாது.

3. ஆளுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி தேயிலை போடுங்கள். அது 2 முதல் 2½ கிராம் வரை இருக்கும். இப்படி அளந்து போட்டால் 100 கிராம் பக்கற்றில் 40 முதல் 50 கோப்பை வரை போடலாம். கையால் அள்ளிப் போட்டால் இந்தக் கணக்கு வராது.

4. தண்ணீர் தளதளவென்று கொதித்தவுடன் தேயிலையின் மேல் ஊற்றி மூடுங்கள். தேயிலையைப் போட்டு அடுப்பில் கொதிக்க வைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும்.

5. தூள் என்றால் 2 முதல் 3 நிமிடம், சற்றுப் பெரிய துண்டு என்றால் 4 அல்லது 5 நிமிடம் ஊற விடுங்கள். மணிக்கூடு பக்கத்தில் இல்லாவிட்டால் மெதுவாக 180 வரை எண்ணுங்கள். அது 3 நிமிடம்.

6. உடனே வடித்துவிடுங்கள். சாயம் கூடத் தேவையென்றால் அடுத்த முறை தேயிலையைக் கொஞ்சம் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் சாயத்தோடு கசப்பும் கூடும். அந்தக் கசப்பை மறைக்க இன்னொரு கரண்டி சீனி போட வேண்டிவரும்.

வடித்த தேயிலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் காய்ச்ச வேண்டாம். சீனி, பால் படாத சக்கையாகப் பார்த்து ரோசாச் செடிக்கும் கறிவேப்பிலைக் கன்றுக்கும் போடுங்கள். மண்ணுக்கு நல்லது.

பால்மா போடுபவர்கள் முதலில் மாவையும் சீனியையும் கோப்பையில் போட்டு, கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டால் கட்டிபடாது. பிறகு வடித்த சாயத்தை ஊற்றி ஒன்றுக்கு இரண்டு தடவை ஆற்றுங்கள். இஞ்சித் தேநீருக்கு இஞ்சியைத் தட்டித் தண்ணீரோடு கொதிக்க வைத்த பின்னரே தேயிலையில் ஊற்ற வேண்டும். பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் பால் திரைந்துவிடும்.

வீதியோரத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இதே முறைதான். காலையில் போட்ட சாயத்தை மத்தியானம் வரை அடுப்பிலேயே வைத்திருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, புதிதாகப் போடுங்கள்.

சீனிக் கணக்கு

மட்டமாக ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஒரு நாளைக்கு 96 கிராம். மாதம் முடியும்போது 2 கிலோ 880 கிராம். தேநீருக்கு மட்டும் இவ்வளவு! கோப்பைக்கு ஒரு கரண்டியாகக் குறைத்தால் மாதம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அந்தக் காசில் வாரம் ஒருதரம் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கலாம்.

உடம்புக்கும் அது நல்லது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு கரண்டிப்படி மூன்று தேநீர் குடித்தால் அந்த அளவு தேநீரிலேயே முடிந்துவிடுகிறது. ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்குப் பழகிவிடும்.

தடைக் காலத்தில் சீனி கிடைக்காதபோது எங்கள் அம்மாமார் பனங்கட்டியைச் சின்னத் துண்டாக உடைத்துக் கையில் வைத்துக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடித்தார்கள். அது இன்றைக்கும் நல்ல வழிதான். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியையும் சீனியைப் போலவே கணக்கில் எடுக்க வேண்டும்.

எப்போது குடிப்பது, எப்போது விடுவது

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தையல் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். பத்து மணியளவில் ஒரு பிள்ளை தலைசுற்றி இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். விசாரித்தபோது, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. "விடிய ரெண்டு தேத்தண்ணி குடிச்சா மத்தியானம் மட்டும் பசி தெரியாது அக்கா. இருக்கிற பாணைப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டு வந்திடுவன்" என்றாள். சுற்றி நின்ற பெண்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களில் பலரும் அப்படித்தான் வந்திருந்தார்கள்.

பசி தெரியாமல் போவது வேறு, பசி தீர்வது வேறு. இரண்டு கரண்டி சீனி போட்ட வெறுந்தேநீர் ஒன்றில் ஏறக்குறைய 30 கலோரிதான் இருக்கிறது. உழைக்கும் பெண்ணொருத்திக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2000 கலோரி வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பட்டினி கிடப்பது தியாகம்போலத் தெரியலாம். வீட்டில் உழைக்கும் ஒரே ஆள் நீங்கள் என்றால், நீங்கள் விழுந்த பின்னர் அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார்? இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீரூற்றி வைத்து விடியச் சின்ன வெங்காயத்தோடு ஒரு கோப்பை பழஞ்சோறு, அல்லது ஒரு பிடி கடலை. அதைச் சாப்பிட்ட பின்னர் தேநீரைக் குடியுங்கள்.

இரண்டாவது, இரும்புச்சத்து. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் வீணாகிவிடலாம். இறைச்சி, மீன் அடிக்கடி வாங்க வசதியில்லாத எங்களுக்குக் கீரையும் பருப்பும்தான் இரும்பு. அதையும் தேநீரில் இழக்கலாமா? சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேநீர் குடியுங்கள். முருங்கையிலை வறைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ கிடைத்தால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு ஒருபோதும் விழுங்க வேண்டாம். பால் தேநீரும் வேண்டாம். தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். எந்நேரமும் களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், கண்ணின் கீழிமை உட்புறம் வெளிறியிருத்தல் ஆகியவை இருந்தால் குருதிச்சோகையாக இருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதியுங்கள். களைப்புப் போக இன்னொரு தேநீர் குடிப்பது அதற்கு மருந்தாகாது.

மூன்றாவது, சின்னப் பிள்ளைகள். பால்மா வாங்க முடியாத வீடுகளில் சூப்பிப் போத்தலில் சீனி போட்ட வெறுந்தேநீர் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிள்ளையின் வயிறு நிரம்பிவிடும், ஆனால் சத்து எதுவும் சேராது. பல்லும் சூத்தையாகும். கொதித்தாறிய தண்ணீரும், கஞ்சியும், கிளினிக்கில் தரும் திரிபோஷாவும் மேலானவை.

நான்காவது, நித்திரை. இழப்புகளைச் சுமந்திருக்கும் எங்களில் பலருக்கு இரவு நித்திரை வருவதில்லை. கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகின்றன என்று எழுதும் சகோதரிகள் இருக்கிறீர்கள். எழும்பி இருந்து தேநீர் போட்டுக் குடிப்பதாகவும் எழுதுகிறீர்கள். தேயிலையில் உள்ள கஃபீன் நித்திரையை விரட்டும். ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பின்னரும் அதில் பாதி உடம்பில் இருக்கும். பின்னேரம் நாலு மணித் தேநீரோடு நிறுத்திவிடுங்கள். இரவில் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும்போல் இருந்தால் மல்லியை வறுத்து இஞ்சி தட்டிப் போட்டு மல்லித்தண்ணி காய்ச்சிக் குடியுங்கள். தேநீரை விட்டால் துக்கம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. நித்திரை கொள்ள வேண்டிய உடம்பைக் கஃபீன் தடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வாரக்கணக்கில் நித்திரையில்லை என்றால் ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கும். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சகோதரிகளே, இந்த மாதம் ஒரு வாரத்துக்கு மூன்றே மூன்று விடயங்களைச் செய்து பாருங்கள். தேயிலையை அளந்து போடுங்கள். சோற்றுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். விடியற்காலைத் தேநீருக்கு முன்னர் ஒரு வாய் உணவாவது சாப்பிடுங்கள். எல்லோருக்கும் கொடுத்து முடித்து, ஆறிப்போனதை அடுப்படியில் நின்றபடி குடிப்பதுதான் எங்களில் பலருடைய வழக்கம். உங்களுடைய கோப்பையையும் மற்றவர்களுடையதோடு சேர்த்தே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதே இருந்து குடியுங்கள். ஐந்து நிமிடத்தில் எந்த வேலையும் கெட்டுப்போகாது.

செய்து பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், வளவில் கிடைக்கும் இலைகளைக் கொண்டு காலை வேளைக்கு இலைக்கஞ்சி காய்ச்சும் முறைகளைப் பார்ப்போம்.